வங்கிக்குப் போன காலி வீடு: பூட்டு மாற்றுவதிலிருந்து சாவி ஒப்படைப்பது வரை

ஒஹாயோவில் வசிக்கும் ஒருவர் கேட்டிருப்பது சுருக்கமாக இது: தவணை கட்ட முடியாமல் விட்டுப்போன வீடுகளை வங்கிக்காகத் தயார் செய்து ஒப்படைக்கும் ஒப்பந்த வேலை வருகிறது, கையில் ஒரு பிக்கப் டிரக்கும் புல்வெட்டும் இயந்திரமும் இருக்கின்றன, பூட்டை மாற்றி, குப்பையை அள்ளி, புல்லை வெட்டினால் போதுமா? கேள்வி வேலைகளின் பட்டியலைக் கேட்பதுபோல இருந்தாலும், எதைச் செய்தால் பணம் வரும், எதைச் செய்தால் மாட்டிக்கொள்வோம் என்பதே அவருக்குத் தெரியவேண்டியது. அமெரிக்காவில் இதற்கு ‘ப்ராப்பர்ட்டி ப்ரிசர்வேஷன்’ என்று பெயர். வீட்டை அழகாக்கச் சொல்லி யாரும் பணம் தருவதில்லை. இன்றைய நிலையிலிருந்து மேலும் கெடாமல் வீட்டை நிறுத்திவைக்க வேண்டும், நிறுத்திவைத்ததைப் படத்தோடு காட்ட வேண்டும். இந்த இரண்டுக்குத்தான் கூலி. நல்ல மனதோடு ஒரு சுவருக்குக் கூடுதலாகச் சாயம் பூசினால் அந்தச் செலவு உங்களுடையது.

முதலில் வீடு இன்றைய தேதியில் யாருடையது என்று தெரிந்துகொள்ளுங்கள். தவணை தவறியவுடன் வீடு வங்கிக்குப் போய்விடாது. 2014 ஜனவரியிலிருந்து நடைமுறையில் உள்ள கூட்டாட்சி விதிப்படி, பொதுவாக 120 நாள் நிலுவை ஆவதற்கு முன் ஜப்தி நடவடிக்கைக்கான முதல் மனுவையே தாக்கல் செய்ய முடியாது. ஒஹாயோவில் இது நீதிமன்றம் வழியாகத்தான் நடக்கும்: வழக்கு, தீர்ப்பு, ஷெரிஃப் என்ற மாவட்டக் காவல் அதிகாரி நடத்தும் ஏலம், அந்த ஏலத்தை நீதிமன்றம் உறுதிசெய்யும் ஆணை, அதன் பிறகு பத்திரம். உறுதிசெய்யும் ஆணை வரும்வரை கடன் வாங்கியவர் முழுத் தொகையையும் கட்டி வீட்டை மீட்டுக்கொள்ளலாம். டெக்சஸ், ஜார்ஜியா போன்ற மாநிலங்களில் நீதிமன்றம் இல்லாமலே வேகமாக முடியும். மிச்சிகனிலும் மின்னசோட்டாவிலும் ஏலம் முடிந்த பிறகும் மீட்புக்காலம் உண்டு, பெரும்பாலான வீடுகளுக்கு அது ஆறு மாதம். இவ்வளவும் உங்களுக்கு எதற்கு என்றால், ஏலத்துக்கு முன் நீங்கள் நுழைவது இன்னொருவருக்குச் சொந்தமான வீட்டுக்குள். அடமானப் பத்திரத்தில் உள்ள ஒரு பிரிவு, கைவிடப்பட்ட வீட்டைப் பாதுகாக்க மட்டும் கடன் கொடுத்தவருக்கு அனுமதி தருகிறது. அந்த அனுமதியின் நிழலில்தான் நீங்கள் நிற்கிறீர்கள். அந்த நிழலும் எல்லா மாநிலத்திலும் ஒரே அளவில் விழுவதில்லை. வாஷிங்டன் மாநில உச்ச நீதிமன்றம் 2016இல், ஏலத்துக்கு முன்பே பூட்டை மாற்ற வழிசெய்யும் அந்தப் பிரிவு மாநிலச் சட்டத்துக்கு முரணானது, செல்லாது என்று தீர்ப்பளித்தது. இல்லினாயில் ஆள் குடியிருந்த வீடுகளையே காலி என்று முடிவுகட்டிப் பூட்டியதற்காக ஒரு பெரிய தேசிய நிறுவனத்தின் மீது மாநில அரசு 2013இல் வழக்குப் போட்டு, 2015இல் அந்த நிறுவனம் 10 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது.

ஆகவே பூட்டில் கைவைக்கும் முன், வீடு உண்மையிலேயே காலியா என்று தீர்மானிக்க வேண்டும். இந்தத் தொழிலில் அதிகம் தவறு நடக்கும் இடம் இதுதான். கூட்டாட்சி அரசின் வீட்டுக்கடன் காப்பீட்டு அமைப்பான எஃப்.ஹெச்.ஏ.வின் காப்பீடு உள்ள கடன்களில், காலி வீட்டை 25 முதல் 35 நாளுக்கு ஒருமுறை போய்ப் பார்க்கச் சொல்கிறார்கள். பார்ப்பது என்றால் தெருவிலிருந்து காரில் இருந்தபடியே ஒரு படம் எடுப்பது இல்லை. மின்சார மீட்டர் ஓடுகிறதா, குப்பைத்தொட்டி வெளியே வைக்கப்படுகிறதா, தபால்பெட்டியில் எந்த மாதத்துக் கடிதம் வரை சேர்ந்திருக்கிறது, பனியில் காலடித் தடம் உண்டா, ஜன்னல் வழியே தெரியும் அறையில் மெத்தையும் துணியும் இருக்கின்றனவா, பக்கத்து வீட்டார் என்ன சொல்கிறார்கள் என்று எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இவற்றில் எந்த ஒன்றும் தனியாக நிரூபணம் ஆகாது. ஒஹாயோ முதியவர்கள் பலர் நவம்பரில் ஃப்ளோரிடாவுக்குப் போய் ஏப்ரலில் திரும்புவார்கள். ஐந்து மாதம் அந்த வீடு பார்வைக்குக் காலி வீடு போலவேதான் இருக்கும். மருத்துவமனையில் இருப்பவர் வீடும் அப்படித்தான். குளிர்பெட்டியில் கெடாத பால் இருந்தால், அல்லது சுவரில் இந்த மாத நாட்காட்டி இருந்தால், எதையும் தொடாமல் படம் எடுத்துக்கொண்டு வெளியே வந்து ‘ஆள் இருப்பதாகத் தெரிகிறது’ என்று எழுதுங்கள். அந்தப் பயணத்துக்கான சிறு தொகை மட்டும் கிடைக்கும். தவறாகப் பூட்டினால் வரும் வழக்குச் செலவோடு பார்க்கும்போது அது லாபம்தான். வாடகைக்குக் குடியிருப்பவர் இருந்தால் கதையே வேறு. உண்மையான வாடகைதாரருக்கு ஏலத்துக்குப் பிறகும் குறைந்தது 90 நாள் அறிவிப்பு தரவேண்டும் என்பது கூட்டாட்சிச் சட்டம்.

காலி என்று உறுதியானால் பூட்டு. ஏலத்துக்கு முந்திய கட்டத்தில் வழக்கம், ஒரே ஒரு கதவின் பூட்டை மட்டும் மாற்றுவது, அதுவும் பின்பக்கக் கதவு. முன்கதவை விட்டுவிடுவதற்குக் காரணம், வீட்டுக்காரர் தன் பழைய சாவியோடு வந்தால் உள்ளே போக முடியவேண்டும் என்பது. வேலை உத்தரவில் குறிப்பிட்ட சாவி எண் இருக்கும்; அந்த எண்ணுக்கு வெட்டிய பூட்டைத்தான் போடவேண்டும், கடையில் கிடைத்த ஏதோ ஒன்றைப் போட்டால் அடுத்து வரும் ஆள் உள்ளே போக முடியாது, பணத்தையும் பிடித்துக்கொள்வார்கள். கதவுக் குமிழிலுள்ள பூட்டும், டெட்போல்ட் என்ற தனித் தாழ்ப்பூட்டும் ஒரே சாவிக்குத் திறக்க வேண்டும், ஒரு சாவி லாக்பாக்ஸில் (வெளியே மாட்டும் எண் பூட்டுச் சாவிப்பெட்டி) இருக்கவேண்டும். பழைய பூட்டைத் துளைபோடும்போது சாவித்துளைக்குச் சற்று மேலே, ஊசிகள் நிற்கும் வரிசையில் துளைத்தால் சிலிண்டர் திரும்பிவிடும். அவசரப்பட்டுக் கடப்பாரையால் நெம்பினால் நிலைச்சட்டம் பிளக்கும், அந்தச் சேதம் உங்கள் பேரில் எழுதப்படும். நழுவு கதவுகளுக்கு உள்தாழ் போடுங்கள். கராஜின் பெரிய கதவுக்கு மோட்டாரின் மின்சாரத்தைத் துண்டித்து, உள்ளே தண்டவாளத்தில் பூட்டு போடுங்கள். அதை மறந்துவிட்டு மற்ற எல்லாக் கதவையும் பூட்டியவர்கள் நிறைய.

இனி குளிர்காலத் தயாரிப்பு. களத்தில் எல்லோரும் ‘வின்டரைஸ்’ என்றுதான் சொல்வார்கள். ஒஹாயோ போன்ற இடத்தில் அக்டோபர் முதல் மார்ச் வரை இதுவே தலையாய வேலை, அதிக நஷ்டம் வருவதும் இதில்தான். தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பருமனில் கூடுகிறது. குழாய் வெடிப்பது பெரும்பாலும் பனிக்கட்டி பிடித்த இடத்தில் இல்லை. அந்தக் கட்டிக்கும் மூடிய குழாய்முனைக்கும் நடுவே சிக்கிக்கொண்ட தண்ணீரின் அழுத்தம் ஏறி, அங்கே எங்காவது பலவீனமான இணைப்பு பிளக்கிறது. ஜனவரியில் பிளந்தது அப்போது தெரியாது. மார்ச்சில் உருகும்போதுதான் கூரைப்பலகை இடிந்து விழும்.

செய்யும் வரிசை முக்கியம். வாட்டர் ஹீட்டரின் மின்சார ப்ரேக்கரை அல்லது கேஸ் வால்வை முதலில் அணைக்க வேண்டும். தண்ணீர் வடிந்த பிறகும் மின்சாரம் இருந்தால் உள்ளே உள்ள சூட்டுக்கம்பி சில நொடியில் எரிந்துபோகும். பிறகு வீட்டுக்குள் வரும் பிரதான வால்வை மூடி, அதைப் பிளாஸ்டிக் பட்டையால் கட்டி, அடையாளச் சீட்டு மாட்டுங்கள். மீட்டருக்கு அடுத்த பக்கம் இணைப்பைக் கழற்றி மூடி போடச் சொல்லும் உத்தரவுகளும் உண்டு; சில ஊர்களில் மீட்டரைத் தொடுவதே குற்றம், அங்கே தண்ணீர்த் துறையை அழைத்துத் தெருவோர வால்வை மூடச் சொல்ல வேண்டும். எல்லாக் குழாய்களையும், சூடு குளிர் இரண்டையும், திறந்துவிடுங்கள். ஹீட்டரின் அடியில் தோட்டக் குழாயை மாட்டி வெளியே வடியவிடுங்கள். மேல் தளத்தில் ஒரு சுடுநீர்க் குழாய் திறந்திருந்தால்தான் காற்று புகுந்து தண்ணீர் இறங்கும். 40 காலன் தொட்டி வடிய அரைமணி நேரத்துக்கு மேலாகும். அடியில் சுண்ணாம்புப் படிவு இருந்தால் வடிகுழாய் அடைத்துக்கொள்ளும். வடிவது நின்றுவிட்டதால் தொட்டி காலி என்று முடிவுசெய்யாமல் தட்டிப் பாருங்கள்.

வடிந்ததோடு வேலை முடியவில்லை. கிடைமட்டமாக ஓடும் குழாய்களின் தொய்வில் தண்ணீர் தங்கும், அதைக் காற்றால்தான் வெளியேற்ற முடியும். துணி துவைக்கும் இயந்திரத்தின் குழாய்முனையில் கம்ப்ரஸரை மாட்டி, தொலைவில் உள்ள குழாயிலிருந்து ஒவ்வொன்றாகத் திறந்து, தண்ணீர்த் தூறல் நின்று வெறும் காற்று வரும்வரை ஊதவேண்டும். டயருக்குக் காற்றடிக்கும் சின்னப் பெட்டி இதற்கு உதவாது. இங்கே தேவை அழுத்தத்தைவிடக் காற்றின் அளவு. பிறகு எல்லாவற்றையும் மூடி, 35 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 35 பவுண்டு) அழுத்தத்தில் காற்றை நிறுத்தி அரைமணி நேரம் அழுத்தமானியின் முள் இறங்குகிறதா என்று பார்ப்பது பரவலான வழக்கம். நிற்காவிட்டால் எங்கோ உடைப்பு இருக்கிறது. அதை முள்ளோடு படமெடுத்து அன்றே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டால், வசந்தத்தில் தண்ணீர் திறப்பவர் கண்டுபிடிக்கும் உடைப்பு உங்கள் கணக்கில் சேரும். இந்தச் சோதனைக்கும் ஒரு வரம்பு உண்டு: முள் இறங்கினால் கசிவு நிச்சயம், ஆனால் அது சுவருக்குள்ளா, தரைக்கு அடியிலா, அல்லது வெறும் தேய்ந்த வாஷரா என்று அது சொல்லாது. அழுத்தத்தைக் கூட்டிக் கண்டுபிடிக்கலாம் என்று 80, 100 என ஏற்றுவது பழைய இரும்புக் குழாய் வீடுகளில் நல்ல இணைப்பையும் கெடுக்கும்.

மறந்துபோகும் இடங்கள்: பாத்திரம் கழுவும் இயந்திரம், குளிர்பெட்டியின் பனிக்கட்டிக் குழாய், துவைக்கும் இயந்திரத்தின் உள்வால்வு, தண்ணீர் மென்மையாக்கும் தொட்டி, தண்ணீரை ஷவருக்குத் திருப்பும் பிடி, வீட்டுக்கு வெளியே தோட்டக் குழாய். கழிப்பறைத் தொட்டியைக் காலிசெய்து, அடியில் தேங்குவதைப் பஞ்சால் ஒற்றி எடுங்கள். அதன் பிறகே ஆன்டிஃப்ரீஸ், அதாவது குளிரில் உறையாமல் காக்கும் திரவம். இளஞ்சிவப்பாக இருக்கும், ப்ராபிலீன் கிளைக்கால் கலந்த, பயண வண்டிகளுக்கு விற்கும் வகைதான் வேண்டும். காரில் ஊற்றும் எதிலீன் கிளைக்கால் நஞ்சு, சாக்கடையில் விடக்கூடாது. ஒவ்வொரு சின்க், குளியல் தொட்டி, ஷவர், தரைவடிகால், துவைக்கும் இயந்திரத்தின் வடிகுழாய் ஆகியவற்றின் வளைகுழாயிலும் ஊற்ற வேண்டும், கழிப்பறைக் கிண்ணத்தில் கூடுதலாக. டப்பாவில் ‘மைனஸ் 50 டிகிரி’ என்று போட்டிருப்பது கலக்காத திரவம் குழாயை வெடிக்க விடாத வரம்பு. கிண்ணத்தில் ஏற்கெனவே உள்ள தண்ணீரின் மேல் ஊற்றினால் அது நீர்த்துப்போய், கிண்ணம் பிளக்கும். நிறம் இளஞ்சிவப்பாக இருக்கிறதே என்று மேற்பார்வையாளர் ஏமாறலாம், பனி ஏமாறாது. கடைசியாகக் கழிப்பறை, சமையலறை சின்க், ஹீட்டர், பிரதான வால்வு, முன்கதவு எல்லாவற்றிலும் தேதியோடு எச்சரிக்கைச் சீட்டு ஒட்டுங்கள்.

ரேடியேட்டர் வைத்துச் சுடுநீரால் வீட்டைச் சூடாக்கும் அமைப்பு இருந்தால், முதல்முறை தனியாக இறங்காதீர்கள். வீட்டின் ஒவ்வொரு பகுதிக்கும் சுடுநீரை விடும் மண்டல வால்வுகள் மின்சாரம் இல்லாதபோது மூடியே இருக்கும். அவற்றைக் கையால் திறக்காமல் பாய்லரை மட்டும் வடித்தால் மேல்மாடி ரேடியேட்டர்களில் தண்ணீர் அப்படியே நிற்கும், வார்ப்பிரும்பு விரிசல் விட்டால் ஒட்டவைக்க முடியாது. கிணற்றுத் தண்ணீர் வீடு என்றால் பம்பின் ப்ரேக்கரையும் அழுத்தத் தொட்டியையும் சேர்த்துக் கவனிக்க வேண்டும். பேஸ்மென்ட்டில் சம்ப் பம்பு (குழியில் ஊறிச் சேரும் நீரை வெளியே இறைக்கும் பம்பு) இருந்தால் மின்சாரத்தை முழுமையாகத் துண்டிக்கவே கூடாது: மற்ற ப்ரேக்கர்களை அணைத்து அது ஒன்றை மட்டும் விட்டுவைத்து, குழியில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி மிதவை எழும்பிப் பம்பு ஓடுகிறதா என்று வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். குழாய்களைக் கச்சிதமாக வின்டரைஸ் செய்துவிட்டு சம்ப் பம்பை அணைத்ததால் பேஸ்மென்ட் மூன்றடி தண்ணீரில் மூழ்குவது இந்தத் தொழிலில் அரிதான கதை இல்லை.

தண்ணீருக்கு அடுத்த எதிரி ஈரம். கூரை ஒழுகினால் தற்காலிகமாகத் தார்ப்பாய் போடலாம். மேல் விளிம்பு கூரையின் உச்சியைத் தாண்டி மறுபக்கம் இறங்கவேண்டும், ஓரங்களைப் பலகைச் சட்டத்தில் சுற்றி அறையவேண்டும். உச்சிக்குக் கீழே நிறுத்தினால் தண்ணீர் தார்ப்பாய்க்கு அடியில் புகும். பூஞ்சை விஷயத்தில் நிச்சயமானது குறைவு. சுவரில் கறுப்பாக இருப்பதைப் பார்த்து அது எந்த வகை, நஞ்சா இல்லையா என்று கண்ணால் யாராலும் சொல்ல முடியாது. அறிக்கையில் ‘நச்சுப் பூஞ்சை’ என்று எழுதாமல் ‘நிறமாற்றம், இத்தனை சதுர அடி, ஈரத்தின் மூலம் இன்னது’ என்று எழுதுங்கள். 10 சதுர அடிக்குக் குறைவானதை வீட்டுக்காரரே துடைத்துக்கொள்ளலாம் என்பது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் வழிகாட்டுதல். அதற்கு மேல் போனால் விலைப்புள்ளி மட்டும் கொடுத்துவிட்டு நில்லுங்கள். மூலத்தை நிறுத்தாமல் மேலே சாயம் பூசி மறைப்பது ஒரு மாதத்துக்கு மட்டும் பலன் தரும்.

அடுப்பையும் துணி உலர்த்தியையும் பழைய உரிமையாளர் எடுத்துப்போயிருந்தால் கேஸ் குழாய்முனை திறந்தே இருக்கும். வால்வு மூடியிருந்தாலும் உலோக மூடி திருக வேண்டும். விளக்கு பிடுங்கப்பட்ட இடத்தில் கம்பிமுனைகளுக்குத் தொப்பி மாட்டி வெற்றுத் தகடு போடவேண்டும். காலி வீட்டில் செம்புக் குழாயும் வெளியிலுள்ள ஏசியின் உள்ளுறுப்பும் களவுபோவது சாதாரணம். 2007, 2008 வாக்கில் க்ளீவ்லாந்தின் சில பகுதிகளில் தெருத்தெருவாக அப்படி உருவப்பட்ட வீடுகள் நின்றன. முதல் நாளே ஏசி, ஃபர்னஸ், ஹீட்டர் ஆகியவற்றின் வரிசை எண் தகட்டைப் படமெடுத்து வைத்தால், பிறகு காணாமல் போனது உங்கள் கண்காணிப்புக்கு முன்பா பின்பா என்ற கேள்விக்கு இடமிருக்காது.

குப்பை அள்ளுவது எளிது என்று நினைப்பார்கள். ஆனால் இதில்தான் குப்பை எது, உடைமை எது என்ற கோடு வருகிறது. ஏலத்துக்கு முன் வீட்டுக்குள் இருக்கும் எதையும் எடுக்கக் கூடாது. அழுகும் உணவு, எரியக்கூடிய ரசாயனம் போன்ற ஆபத்தானவை மட்டும், அதுவும் எழுத்தில் உத்தரவு வந்த பிறகு. ஏலமும் வெளியேற்றமும் முடிந்த பிறகு விட்டுப்போன பொருட்களை என்ன செய்வது என்பது மாநிலத்துக்கு மாநிலம், சில சமயம் மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும்: சில இடங்களில் குறிப்பிட்ட காலம் கிடங்கில் வைத்துக் காக்க வேண்டும், சில இடங்களில் தேவையில்லை. வேறொரு மாநிலத்தில் இப்படித்தான் செய்தோம் என்று யாராவது சொன்னால் அதை ஏற்காதீர்கள்; உத்தரவு தருபவர்தான் வழக்கறிஞரிடம் கேட்டுச் சொல்லவேண்டும். எந்தக் கட்டத்திலும் துப்பாக்கி, மருந்துகள், குடும்பப் படங்கள், பாஸ்போர்ட், பதக்கங்கள், அஸ்தி வைத்த கலசம் ஆகியவற்றைக் குப்பைக்கூடையில் போடாதீர்கள். இருந்த இடத்திலேயே படமெடுத்துத் தகவல் சொல்லுங்கள். உதவியாளர் ஒருவர் ‘எப்படியும் தூக்கி எறியப்போகிறோம்’ என்று டிவியை வண்டியில் ஏற்றினால், சட்டம் அதைத் திருட்டு என்றே பார்க்கும்.

குப்பைக்கு அளவு கன கெஜத்தில். நீளம், அகலம், உயரம் அடியில் எடுத்துப் பெருக்கி 27ஆல் வகுக்க வேண்டும். 12க்கு 10 அறையில் சராசரி ஒன்றரை அடி உயரத்துக்குக் குவியல் என்றால் 180 கன அடி, சுமார் 6.7 கன கெஜம். சோபாவுக்கு அடியில் உள்ள வெற்றிடத்தையும் சேர்த்துக் கணக்குக் காட்டுவதுதான் புதியவர்கள் செய்யும் தவறு. படத்தைப் பார்க்கும் ஆள் அதைக் கண்டுபிடித்துப் பாதியாக வெட்டுவார். குவியலுக்குப் பக்கத்தில் அளவுநாடாவைப் பிடித்து ஒரு படம், நிரம்பிய டிரெய்லரை ஒரு படம், குப்பைக் கிடங்கின் ரசீது, மூன்றும் சேர்ந்தால் தகராறு குறையும். டயர், பேட்டரி, ப்ரோபேன் உருளை, எண்ணெய்ச் சாயம் ஆகியவற்றைச் சாதாரணக் கிடங்குகள் வாங்காது, தனிக் கட்டணம் ஆகும் என்பதை விலைப்புள்ளியிலேயே எழுதிவிடுங்கள். தண்ணீர்ச் சாயத்தைப் பூனைக் கழிவுக்காக விற்கும் மணல் கலந்து இறுக்கிவிட்டால் பல ஊர்களில் குப்பையோடு போடலாம். குளிர்பெட்டியையும் ஏசியையும் வெட்டி வாயுவைக் காற்றில் விடுவது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். உரிமம் பெற்றவர்தான் எடுக்கவேண்டும். மூடிக் கிடந்த குளிர்பெட்டியில் அழுகிய மாமிசம் இருந்தால், உள்ளே துடைக்க முயலாமல் கதவைப் பட்டைபோட்டு ஒட்டி முழுசாக வெளியே கொண்டுபோவதே நல்லது.

1978க்கு முன் கட்டிய வீட்டில் ஈயச் சாயம் இருக்கலாம். உள்ளே ஓர் அறையில் 6 சதுர அடிக்கு மேலோ, வெளியே 20 சதுர அடிக்கு மேலோ சாயத்தைச் சுரண்டும், உடைக்கும் வேலை என்றால் 2010 முதல் சான்றிதழ் பெற்ற நிறுவனம்தான் செய்யலாம். ஜன்னலை முழுதாக மாற்றுவது எத்தனை சதுர அடியானாலும் இதில் சேரும். பழைய 9 அங்குலச் சதுரத் தரைவில்லைகளிலும் குழாய் உறைகளிலும் கல்நார் இருக்கக்கூடும். பரிசோதனை இல்லாமல் பெயர்க்காதீர்கள்.

புல் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வளரும் பருவத்தில் மாதம் இரண்டு முறை, 2 அங்குல உயரத்துக்கு வெட்டி, நடைபாதை ஓரம் சீவி, வெட்டியதை அள்ளவேண்டும். 12 அங்குலத்துக்கு மேல் வளர்ந்திருந்தால் முதல் வெட்டுக்குத் தனி விலை, ஆனால் வெட்டுவதற்கு முன் அளவுகோலைப் புல்லில் நட்டு எடுத்த படம் இல்லாமல் அது கிடைக்காது. நீச்சல் குளம் கண்ணில் பட்டால் அவசரப்பட்டு முழுவதும் இறைக்க வேண்டாம். தரையில் பதித்த குளம் காலியானால் நிலத்தடி நீர் கீழிருந்து தள்ளித் தொட்டியே மேலே எழும்பிவிடும். மூடி போட்டு வேலியைப் பூட்டுவதே வழக்கம்.

உடைந்த ஜன்னலுக்குப் பலகை அடிக்கும்போது சட்டத்தில் ஆணி அறைவதைவிட, உள்ளே குறுக்காக இரண்டு மரச்சட்டம் வைத்து, வெளிப்பலகையை நீண்ட போல்ட்டால் அவற்றோடு இறுக்குவது நல்லது. சட்டம் கெடாது, போல்ட்டின் வட்டத்தலை வெளியே இருப்பதால் வெளியிலிருந்து கழற்றவும் முடியாது. ஒஹாயோவில் இன்னொரு விஷயம்: கைவிடப்பட்ட ஜப்தி வீடுகளில் பிளைவுட் அடிப்பதை 2017இல் நடைமுறைக்கு வந்த சட்டம் தடுக்கிறது. அங்கே கண்ணாடிபோல் தெளிவான பாலிகார்பனேட் பிளாஸ்டிக் தகடுதான். வீட்டுக்கடன்களை வங்கிகளிடமிருந்து வாங்கும் பெரிய நிறுவனமான ஃபேனி மேயும் 2016 முதல் அதையே ஊக்குவிக்கிறது. விலை கூடுதல், ஆனால் தெருவிலிருந்து பார்த்தால் வீடு காலி என்று தெரியாது.

வீடு எந்த நிலையில் கைமாறும்? எஃப்.ஹெச்.ஏ. கடன் என்றால் வீடு கடைசியில் கூட்டாட்சி வீட்டுவசதித் துறையான ஹட் கைக்குப் போகலாம். அவர்கள் கேட்கும் நிலை தெளிவானது: ஆள் இல்லாமை, பூட்டிய கதவுகள், குளிர்காலமானால் வின்டரைஸ், உள்ளும் புறமும் குப்பை இல்லாமை, துடைப்பத்தால் கூட்டிய தரை, பழுதற்ற உரிமைப் பத்திரம், தீ, வெள்ளம், புயல் அல்லது கடன் நிறுவனத்தின் அலட்சியத்தால் வந்த சேதம் எதுவும் சரிசெய்யப்படாமல் இல்லாமை. ‘துடைப்பத்தால் கூட்டிய’ என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். மினுமினுப்பை யாரும் கேட்கவில்லை, ஆனால் அலமாரிகளும் குளிர்பெட்டியும் காலியாக இருக்கவேண்டும், கழிப்பறை கழுவியிருக்க வேண்டும். கைமாறிய பிறகு ஹட்டின் ஒப்பந்ததாரர் ஒருவர் வந்து பார்ப்பார். நிலை சரியில்லை என்று அவர் எழுதினால், வீட்டைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கடன் நிறுவனத்துக்குக் கடிதம் போகும். அந்தக் கடிதத்தின் செலவு சங்கிலி வழியாக இறங்கி, கடைசியாக அந்த வீட்டுக்குள் போன ஆளின் தலையில் விழப்பார்க்கும். அவர் நீங்களாக இருக்கலாம்.

அதனால்தான் படங்கள். வேலைக்கு முன், நடுவில், பின் என்று மூன்றும் ஒரே இடத்தில் நின்று, ஒரே கோணத்தில், தேதி முத்திரையோடு. வீட்டு எண், தெருப் பலகை, ஒவ்வோர் அறையின் நான்கு மூலை, கூரை, திறந்த அலமாரிகள். ஒரு சராசரி வீட்டுக்கு நூறைத் தாண்டுவது சாதாரணம். ஆன்டிஃப்ரீஸ் ஊற்றியதற்குச் சான்று, ஊற்றும்போது டப்பாவின் பெயர்ச்சீட்டு தெரியும்படி எடுத்த படம். ஊற்றி முடித்த சின்க்கின் படம் எதையும் நிரூபிக்காது. நீங்கள் செய்யாத சேதத்தையும், அன்று கண்ணில் பட்ட ஒவ்வொன்றையும், அதே அறிக்கையில் எழுதுங்கள். அடுத்த முறை எழுதலாம் என்று விட்ட கீறல் அடுத்த முறை உங்களால் வந்த கீறலாகிவிடும்.

பணம் வரும் வழியைப் பற்றி ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடுகிறேன். கடன் நிறுவனம் தேசிய நிறுவனத்துக்குக் கொடுக்கும், அது வட்டார நிறுவனத்துக்கு, அது உங்களுக்கு. ஒவ்வொரு படியிலும் ஒரு பங்கு குறையும். ஒவ்வொரு வேலைக்கும் உச்சவரம்பு உண்டு, அதைத் தாண்டினால் முன்கூட்டியே விலைப்புள்ளி அனுப்பி ஒப்புதல் வாங்க வேண்டும். ஒப்புதல் வருமுன் செய்த வேலைக்குப் பெரும்பாலும் பணம் இல்லை. மாதங்கள் கழித்து ஒரு படம் குறைகிறது என்று பழைய தொகையைப் பிடித்துக்கொள்வதும் நடக்கும். பொதுப் பொறுப்புக் காப்பீடும், வேலையில் நேரும் தவறுக்கும் விடுபடலுக்குமான காப்பீடும், பின்னணிச் சோதனையும் கேட்பார்கள். இவற்றின் செலவைக் கழித்துவிட்டு வரவைப் பாருங்கள். உங்களிடம் இருப்பதோ டிரக்கும் புல்வெட்டியும். ஏப்ரலில் புல்லும் வெளிப்புறக் குப்பையுமாகத் தொடங்கி, அக்டோபருக்கு முன் ஒரு பிளம்பரோடு சேர்ந்து சில வீடுகளை வின்டரைஸ் செய்து பழகுவதுதான் சரியான வரிசை. உங்கள் ஊரில் அந்த வேலைக்குப் பிளம்பர் உரிமம் தேவையா என்று நகராட்சியில் கேட்டுவிடுங்கள். முதல் உத்தரவை ஏற்கும் முன் வேலை தருபவரிடம் எழுத்தில் வாங்கவேண்டியவை: வீடு ஏலத்துக்கு முன்பா பின்பா, காலி என்று தீர்மானித்தது யார், எந்தத் தேதியில், சாவி எண், உச்சவரம்புத் தொகை, பணம் எத்தனை நாளில் வரும், எத்தனை மாதம் வரை பிடித்தம் செய்யலாம். உள்ளே இருக்கும் பொருட்களை எடுக்கச் சொல்லித் தொலைபேசியில் மட்டும் சொன்னால், நீங்கள் கேட்டதை அப்படியே மின்னஞ்சலில் அனுப்பி, பதில் வரும்வரை வண்டியிலேயே காத்திருங்கள்.